நீலோ அழுவதில்லை

லிமா, 9 மே 1985

அன்புள்ள ஒத்திலியா பெரியம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். அம்மாவுக்கு எழுதும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட வந்துவிடக் கூடாது. சம்மதம் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

உங்கள் பித்தப்பை வலி எப்படி இருக்கிறது? நாங்கள் எல்லோரும் சுகம். அப்பா இன்னும் தலாராவில் எண்ணெய்க் கிணற்று வேலையில்தான் இருக்கிறார், மாதக் கடைசியில் வருவார். தம்பி நீலோவுக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டது. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நான் போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

விசென்தாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஞானஸ்நானத்தில் நீங்கள் ஞானத்தாயாக நின்று, எங்களிடம் அனுப்பிய உங்கள் ஞானமகள். அவள் வந்த அன்று அம்மா அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் நெஞ்சுப் படம் எடுத்தாள். தலையில் பேன் பார்த்தாள். பல்லைக் காட்டச் சொன்னாள். நகம் வெட்டினாள். அப்புறம், "இதெல்லாம்கூட வேணாந்தான், அக்கா அனுப்பின பொண்ணு" என்று சொல்லிவிட்டு நீலோவை அவள் கையில் கொடுத்துவிட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை கெரில்லாக்கள் மறுபடி எங்கோ மின்கோபுரத்துக்கு வெடி வைத்தார்கள். ஊர் முழுக்க இருட்டு. அம்மா வேலையிலிருந்து வரவில்லை. நான் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு நீலோவைத் தேடிப் போனேன். தொட்டிலில் இல்லை. சமையலறையில் மேசைக்கு அடியில் விசென்தா குந்தி உட்கார்ந்திருந்தாள். நீலோ அவள் மடியில் இருந்தான். அவள் கை அவன் வாய்மேல் இருந்தது, பெரியம்மா. மூக்கும் அந்தக் கைக்குள்தான். அவன் கண் இரண்டும் பெரிதாகத் திறந்திருந்தன. கால் உதைத்துக்கொண்டிருந்தது.

நான் கத்தினேன். அவளுக்குக் கேட்கவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துத்தான் எடுக்க முடிந்தது. எடுத்த பிறகு அவள் என்னைப் பார்த்து, "என்ன பாப்பா, பால் சுட வைக்கட்டா?" என்று கேட்டாள். சுட வைத்தும் கொடுத்தாள்.

அவளுக்கு ஏதாவது வியாதியா? உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். அம்மாவிடம் சொன்னால் அன்றைக்கே அவளைத் தெருவில் விட்டுவிடுவாள். உங்கள் பக்கத்துப் பெண்களைத் தெருவில் பார்த்தால் கெரில்லாக்காரி என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. அதனால் அம்மாவே எல்லோரிடமும் அவள் வேறு ஊர், ஹுவாங்காயோக்காரி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாள்.

பதிலை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே ரொட்டிக்கடை வைத்திருக்கும் சோய்லா அம்மாள் முகவரியைப் பின்னால் எழுதியிருக்கிறேன். உங்களுக்காக ஜெபிக்கிறேன். நீங்களும் எனக்காக ஜெபியுங்கள்.

உங்கள் நெலிதா


ஹுவாமாங்கா, 20 மே 1985

என் அன்பு நெலிதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வலி வருகிறது, போகிறது. மருந்துக் கடைக்காரியே மருந்து சாப்பிடாவிட்டால் எப்படி என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. நீ நெஞ்சுக்குக் கம்பளி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போ.

விசென்தா நல்ல பெண். மலையிலிருந்து வந்தவளுக்குப் பெரிய ஊர் பழகக் கொஞ்ச நாள் ஆகும். வெடிச் சத்தம் யாருக்குத்தான் பயமாக இருக்காது? படுக்கும் முன் சூடான தண்ணீரில் ஆரஞ்சுப்பூ நீர் சில சொட்டு விட்டுக் கொடு. பக்கத்தில் ஒரு விளக்கு இருக்கட்டும். அவள் உழைப்பாளி, கை சுத்தம், பொய் சொல்லமாட்டாள்.

அவளைக் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யாதே. அம்மாவுக்கு வேலைச் சுமையே போதும். அவளிடம் இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம்.

நீலோவுக்கு என் முத்தங்கள். பாடங்களை ஒழுங்காகப் படி.

உன் பெரியம்மா ஒத்திலியா


லிமா, 2 ஜூன் 1985

அன்பு அக்காவுக்கு கிராசியெலா எழுதுவது.

இங்கே யாவரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள், பித்தப்பையை அறுத்துப் போடுவதற்கு இங்கே வா என்றால் கேட்கமாட்டேன் என்கிறாய்.

உனக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். எங்கிருந்து அக்கா பிடித்தாய் இந்தப் பெண்ணை? வீட்டில் குழந்தை இருப்பதே தெரியவில்லை. நெலிதாவைப் பெற்றபோது ஆறு மாதம் தெருவே தூங்கவில்லை, உனக்கு ஞாபகம் இருக்கும். இவன் அழுவதே இல்லை! பசித்தாலும் சும்மா கிடக்கிறான். பக்கத்து வீட்டு ஒஃபேலியா தினமும் வந்து நின்றுகொண்டு, "அந்த வேலைக்காரப் பொண்ணு கொழந்தைக்கு என்னதான் குடுக்குறா? எங்க வீட்டுக்கு ஒரு வாரம் கடன் குடுங்களேன்" என்கிறாள். கடன் கேட்கிற சாக்கில் அடித்துக்கொண்டு போகப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? "அவ எங்கக்காவோட ஞானமக, ஒஃபேலியா. சொந்தத்த யாராச்சும் கடன் குடுப்பாங்களா?" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன்.

இன்னொரு சேதி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு இரவு முறை கொடுத்திருக்கிறார்கள். விசென்தா இருக்கிற தைரியத்தில் ஒப்புக்கொண்டேன். தொட்டிலை மொட்டைமாடியில் அவள் அறைக்கே ஏற்றிவிட்டோம். நெலிதாதான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறாள். தம்பி வேறொருத்தியிடம் ஒட்டிக்கொண்டான் என்று பொறாமை. வயசு அப்படி.

உனக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கி வைத்திருக்கிறேன். ஆள் கிடைத்தால் அனுப்புகிறேன்.

உன் தங்கை கிராசியெலா


லிமா, 17 ஜூன் 1985

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

இதையும் எரித்துவிடுங்கள். உங்கள் உடம்பு தேவலையா? எனக்கு இருமல், வேறொன்றும் இல்லை. லிமாவில் வெயிலே கிடையாது, துவைத்த துணி மூன்று நாளாகக் கொடியில் கிடக்கிறது.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. கை சுத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கை என்ன செய்தது என்றுதான் நான் கேட்டேன்.

விசென்தா கெட்டவள் என்று நான் சொல்லவில்லை. பகலில் அவளைப் போல் யாரும் இல்லை. நீலோவை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு மாவு பிசைகிறாள், மலை மொழியான கெச்சுவாவில் அவனோடு பேசுகிறாள். என்ன சொல்கிறாய் என்று கேட்டால், "ஒங்கக்காவுக்குக் கணக்கு வரலியாம், ரொட்டிக்கடைல வேலைக்குச் சேக்கலாமான்னு கேக்கறேன்" என்கிறாள். நானும் சிரித்துவிடுகிறேன். சாயங்காலம் ஆனால்தான் மாறுகிறாள். விளக்கு லேசாகத் துடித்தாலும் எழுந்து நிற்கிறாள்.

நீலோ அழுவதை நிறுத்திவிட்டான், பெரியம்மா. அம்மா அதைப் பெருமையாகச் சொல்கிறாள். நேற்று அவன் கட்டில் காலில் முட்டிக்கொண்டான். நெற்றி வீங்கிவிட்டது. வாயைத் திறந்தான், முகம் சிவந்தது, கண்ணீர் வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. அழுவது போல நடித்துக் காட்டுகிற மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை மறுபடி மின்சாரம் போனது. நான் மாடிக்கு ஓடினேன். அவள் அறை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினேன், கூப்பிட்டேன். உள்ளே யாருமே இல்லாத மாதிரி இருந்தது. தெருவிளக்கு மறுபடி எரிந்த பிறகுதான் கதவு திறந்தது. நீலோ உயிரோடு இருந்தான். கன்னத்தில் விரல் அச்சு இருந்தது. "ஏன் பாப்பா குளிர்ல நிக்கற?" என்று என்னையே கேட்டாள்.

இப்போது நான் ஷூ போட்டுக்கொண்டே படுக்கிறேன்.

இவளை எங்களிடம் அனுப்பும் முன் அவள் எப்படி இருக்கிறாள், எப்படித் தூங்குகிறாள் என்று ஏதாவது கேட்டீர்களா? தயவுசெய்து இதற்குப் பதில் எழுதுங்கள்.

நெலிதா


ஹுவாமாங்கா, 1 ஜூலை 1985

நெலிதா,

நலமாக இரு. நான் இரண்டு வாரமாகப் படுக்கையில். அதிகம் எழுத முடியாது. தவிர, இங்கே கடிதங்கள் பிரித்துப் படிக்கப்பட்டுத்தான் வருகின்றன. சில விஷயங்களை நேரில்தான் பேச வேண்டும்.

தாழ்ப்பாளைக் கழற்றிவிடு. திருகாணி துருப்பிடித்து விழுந்துவிட்டது என்று சொல். அவள் தலைமாட்டில் ஒரு கைவிளக்கு வை.

இருமலுக்குச் சோம்புக் கஷாயம் குடி.

பெரியம்மா


லிமா, 22 ஜூலை 1985

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நீங்கள் எழுந்து நடமாடுகிறீர்களா? நீங்கள் சொன்னபடி தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். அடுத்த இருட்டில் கதவுக்குக் குறுக்கே கட்டிலை இழுத்துப் போட்டிருந்தாள். கைவிளக்கை ஏற்றவே இல்லை. இடுக்கில் கைவிட்டுக் கட்டிலைத் தள்ளி உள்ளே போய் நீலோவை வாங்கினேன்.

கேள்வி கேட்காதே என்றீர்கள். கேட்டுவிட்டேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு விடுமுறை. மற்ற வீட்டுப் பெண்கள் எல்லாம் தலை சீவி, லிப்ஸ்டிக் போட்டுப் பூங்காவுக்குப் போனார்கள். இவள் மாடியில் தன் பாவாடையைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன் போகல?"

"போயி? பாக்கறவங்க எல்லாம் எந்த ஊருன்னு கேப்பாங்க. ஹுவாங்காயோம்பேன். எந்தத் தெருன்னு கேட்டா? நான் ஹுவாங்காயோவ பஸ் ஜன்னல் வழியாக்கூடப் பாத்ததில்ல, பாப்பா. வழில தூங்கிட்டேன்."

சிரித்தாள். அப்போதுதான் கேட்டேன்.

"கரண்ட் போனா ஏன் நீலோ வாயப் பொத்தற?"

பாவாடையைப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டுவது நின்ற பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"இருட்டு வந்தா இந்தக் கை என் பேச்சக் கேக்கறதில்ல. வெளிச்சம் வந்தப்புறம்தான் அது எங்க இருக்குன்னு எனக்கே தெரியுது."

"ஏன் அப்படி?"

"ஞானத்தாயக் கேளு. அவங்க எம்பக்கத்துலதான உக்காந்திருந்தாங்க."

"எங்க?"

"மேல. குகைல." பாவாடையைக் கொடியில் போட்டாள். "அம்மாகிட்டச் சொல்லிட்டா என்ன வெரட்டிடுவாங்கல்ல?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஆமா" என்றேன்.

"நீலோவும் இல்லன்னா எனக்கு யாரு இருக்கா?" என்றாள். பாவாடையின் சுருக்கத்தை நீவிவிட்டு, "ஆனாலும் சொல்லிடு பாப்பா. எனக்கும் பயமா இருக்கு" என்றாள்.

அதனால் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வேலைக்குக் கிளம்ப முடியைப் பின்னிக்கொண்டிருந்தாள். கண்ணாடியிலிருந்து திரும்பவே இல்லை.

"கொழந்த அழுதாலும் தப்பு, அழலேன்னாலும் தப்பா? நல்லா இருக்குடி ஒன் நியாயம்."

"அம்மா, நான் என் கண்ணால பாத்தேன்."

"பயந்துபோயி கட்டிப் புடிச்சிருப்பா. ஒங்க பெரியம்மா ஞானத்தாயா நின்ன பொண்ணு அவ. அக்காகிட்டப் போயி, ஒன் ஞானமகளுக்குப் புத்தி சரியில்லையான்னு கேக்கச் சொல்றியா? அப்படி ஒரு வார்த்த கேட்டா அப்புறம் அவ என் வாசப்படி மிதிப்பாளா? நெஞ்சுப் படம் எடுத்ததையே எப்படிச் சொல்றதுன்னு இன்னும் முழிச்சிக்கிட்டிருக்கேன்."

ஆகவே, பெரியம்மா, நான் சொல்லி அம்மா கேட்கமாட்டாள். அவளைப் பற்றி நீங்கள் கொடுத்த வார்த்தையை நீங்கள்தான் திரும்ப வாங்க முடியும். எந்தக் குகை? அங்கே என்ன நடந்தது?

நெலிதா


லிமா, 26 ஆகஸ்ட் 1985

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நலமா? நாங்கள் இருக்கிறோம்.

தினமும் ரொட்டிக்கடைக்குப் போகிறேன். சோய்லா அம்மாள், "இன்னும் வரலடி. இந்தப் பையன விட்டுட்டு வேற ஒருத்தனப் பாரு" என்று கேலி செய்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்.

பள்ளியில் தூங்கிவிடுகிறேன். கணக்கில் தோற்றுவிட்டேன். அம்மா வேலைக்குப் போகிற இரவுகளில் ஏதாவது சாக்குச் சொல்லி மாடியிலேயே படுக்கிறேன், நீலோவுக்கும் விசென்தாவுக்கும் நடுவில். அவள் எனக்கு இடம் விட்டு ஒதுங்கிப் படுக்கிறாள். போன வாரம் இருட்டானபோது அவள் கை வந்தது. என் வாயைப் பொத்தியது. எனக்குப் பெரிய வாய், தள்ளிவிட முடிந்தது. அந்தக் கைக்கு எவ்வளவு பலம் என்று இப்போது எனக்குத் தெரியும்.

நான் தூங்கிவிட்டால் என்ன ஆகும், பெரியம்மா?

நெலிதா


ஹுவாமாங்கா, 15 செப்டம்பர் 1985

என் நெலிதாவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் என் தலையணைக்கு அடியில்தான் இருக்கின்றன. எரிக்கவில்லை. உடம்பைக் காரணம் சொல்லமாட்டேன், உடம்பு எப்போதோ சரியாகிவிட்டது. இதைத் தபாலில் போடாமல் லாரிக்காரர் எவுசேபியோவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மருந்துக் கடை வைப்பதற்கு முன்னால் நான் மேலே ஒரு கிராமத்தில் ஆசிரியையாக இருந்தேன், உனக்குத் தெரியும். விசென்தா அந்த ஊர்ப் பெண். அவளுக்குக் கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை பிறந்தது. லூசிலா என்று பெயர். அதற்கும் நான்தான் ஞானத்தாய்.

நான் அவர்களைப் பார்க்கப் போயிருந்தபோது ஒரு ராத்திரி ஆட்கள் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. ராணுவமா கெரில்லாவா, எந்த ஆட்கள் என்று எழுதமாட்டேன். யார் வந்தாலும் எங்களுக்கு ஒன்றுதான். அவள் புருஷனை அதற்கு முன்பே கொண்டுபோயிருந்தார்கள். ஊரே மேலே இருந்த குகைக்கு ஓடியது. குழந்தைக்குக் குளிர், பசி. அழுதது. கீழே பாதையில் டார்ச் வெளிச்சங்கள் நகர்ந்துகொண்டிருந்தன. இருட்டில் ஒரு குரல், "வாயப் பொத்துடி" என்றது. விசென்தா பொத்தினாள். வெளிச்சங்கள் நின்றன, பிறகு போயின. குகையில் இருந்த எங்களில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவள் விடிந்த பிறகுதான் கையை எடுத்தாள்.

அந்தக் குரல் யாருடையது என்று விசென்தா உன்னிடம் சொன்னாளா என்று நீ எழுதவில்லை. உன்னிடம் கேட்க எனக்கும் தைரியம் இல்லை.

ஹுவாமாங்காவுக்கு அவளை என்னோடு அழைத்து வந்தேன். பேசவில்லை, சாப்பிடவில்லை. இங்கே ஒரு டாக்டர் பார்த்தார். "இந்தப் பெண்ணுக்கு வைத்தியம் வேண்டும், நாளாகும். அதுவரை கைக்குழந்தையோடு தனியாக விடாதீர்கள்" என்றார். நான் தலையாட்டினேன். அடுத்த வாரம் உன் அம்மாவின் கடிதம் வந்தது, நீலோவுக்கு ஆள் வேண்டும் என்று. அதை விசென்தாவிடம் படித்துக் காட்டினேன். அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாகச் சாப்பிட்டாள். மடியில் ஒரு குழந்தை இருந்தால் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளுக்கு யார் வேண்டும் என்று மட்டுமே யோசித்தேன். நீலோவுக்கு யார் வேண்டும் என்று யோசிக்கவில்லை.

கிராசியெலா ஒரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அவள் கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். எங்களுக்குள் அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லை.

உள்ளே இருக்கும் மடித்த தாள் உன் அம்மாவுக்கு. எல்லாம் அதில் இருக்கிறது. அதை எப்போது கொடுப்பது என்று உன்னிடம் விடமாட்டேன். இன்றைக்கே கொடு. விசென்தாவைத் தெருவில் விடக் கூடாது என்றும் எழுதியிருக்கிறேன். பஸ் மறுபடி ஓட ஆரம்பித்ததும் நானே வந்து அழைத்துப் போகிறேன்.

நன்றாகத் தூங்கு, மகளே.

ஒத்திலியா


லிமா, 24 செப்டம்பர் 1985

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு மனமில்லை.

உன் தாளை நெலிதா கொடுக்கவில்லை. விசென்தாவே கொண்டுவந்து நீட்டினாள். நெலிதா முதலில் அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். "இத நாந்தான் குடுக்கணும், செனோரா" என்றாள். நான் நின்றபடியே படித்தேன். படித்து முடிக்கிறவரை அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

நான் அவள் தலைமுடியை ஒவ்வொரு இழையாகப் பிரித்துப் பேன் பார்த்தேன், அக்கா. ஆஸ்பத்திரி வரிசையில் அரை நாள் நின்று நெஞ்சைப் படம் எடுத்தேன். நுரையீரல் சுத்தம் என்று எழுதி வாங்கினேன். ராத்திரி தூக்கம் வருகிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பெண் சொல்லியிருப்பாள், அவள்தான் பொய் சொல்லமாட்டாளே. கேட்டால் உனக்கு அவமானம் என்று நினைத்தேன். உன் மரியாதையைக் காப்பாற்ற என் குழந்தையை மாடியில் ஏற்றிவைத்தேன். அவன் அழவில்லை என்று ஊரெல்லாம் பீற்றினேன். என் பெண் சொன்னபோது பொறாமை என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முன்பே சொல்லியிருந்தால் அவளை எடுத்திருப்பேனா? தெரியவில்லை. சமையலுக்கு எடுத்திருப்பேனோ என்னவோ. நான் இல்லாதபோது தனியே விட்டிருக்கமாட்டேன். அந்த முடிவு நான் எடுக்க வேண்டியது. நீ எடுத்துக்கொண்டாய்.

தொட்டிலை நானே கீழே இறக்கினேன். இரவு முறையை விட்டுவிட்டேன். நீ வரும்வரை விசென்தா சமைப்பாள், துவைப்பாள், குழந்தையைத் தொடமாட்டாள். அவளாகவே தள்ளித்தான் நிற்கிறாள். வா, வந்து வைத்தியத்துக்கு அழைத்துப் போ. அதற்குமேல் இப்போதைக்கு உன்னிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

கிராசியெலா


லிமா, 18 அக்டோபர் 1985

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

இதை அம்மாவிடம் காட்டாதீர்கள். உங்களுக்கு எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். நீங்கள் கிளம்பிவிட்டதாக வந்த தந்தியை மட்டும் கிழிக்காமல் கண்ணாடி இடுக்கில் செருகி வைத்திருக்கிறாள். நீங்கள் வழியில் இருப்பதால் இந்தக் கடிதம் உங்களுக்கு எங்கே கிடைக்குமோ தெரியாது. சாலையில் பாறை சரிந்திருப்பதாக ரேடியோவில் சொன்னார்கள். நீங்கள் பத்திரமாக இருக்க வேண்டும். கதகதப்பாக ஏதாவது போட்டிருக்கிறீர்களா?

நல்ல சேதியை முதலில் சொல்கிறேன். நீலோ அழுகிறான்! போன ஞாயிற்றுக்கிழமை சூப் சூடாக இருந்தது, நாக்கைச் சுட்டுக்கொண்டான். முதலில் பழையபடி சத்தமில்லாமல் வாயைத் திறந்தான். பிறகு எங்கிருந்தோ ஒரு கீச்சுக் குரல் வந்தது, துருப்பிடித்த கதவு மாதிரி. அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவளும் அழுதாள். சமையலறையில் விசென்தா சுவரைப் பார்த்து நின்றாள். கிட்டே போனேன். "நல்லா கத்தறான்ல?" என்றாள். ஒஃபேலியா மதில்மேல் எட்டிப் பார்த்து, "ஐயோ, ஒங்க கொழந்தையும் அழுமா?" என்று கேட்டாள். "அழும். நல்லா அழும். வேணும்னா ஒரு வாரம் கடன் தரேன்" என்றாள் அம்மா.

விசென்தா இளைத்துவிட்டாள். உங்களோடு திரும்பி வருவாளா என்று கேட்டேன். "ஞானத்தாய்கிட்ட ஒண்ணு கேக்கணும். அதுக்காகவாவது போகணும்" என்றாள். என்ன என்று சொல்லவில்லை.

இன்றைக்கு எக்ஸ்சேஞ்சில் இரண்டு பேர் வரவில்லை என்று அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். போக மாட்டேன் என்றுதான் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் தொட்டிலை என் அறையில் வைத்து, "தாப்பாப் போட்டுக்க. விசென்தா தட்டினாலும் தொறக்காத. கேட்டுச்சா?" என்று சொல்லிப் போயிருக்கிறாள். அதை விசென்தாவுக்கு முன்னாலேயே சொன்னாள். விசென்தா தலையாட்டினாள்.

விளக்கு போய்விட்டது.

மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டேன். தெரு முழுக்க இருட்டு. தூரத்தில் நாய்கள் குரைக்கின்றன. நீலோ விழித்துக்கொண்டான். அழ ஆரம்பித்துவிட்டான். பாதி நாள் தூங்கி எழுந்தவன் மாதிரி பெரிய குரலில் அழுகிறான். பேனாவைக் கீழே வைக்கப் பயமாக இருக்கிறது, அதனால் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

மாடி இரும்புப் படியில் காலடி கேட்கிறது. இறங்கி வருகிறாள். கதவுக்கு வெளியே நின்றுவிட்டாள்.

பெரியம்மா, அவள் பேசுகிறாள். "தொறக்காத பாப்பா" என்கிறாள். "தூக்கி வச்சுக்கோ. ஆனா அடக்காத. கத்தட்டும். எனக்குக் கேக்கணும்." துணி உரசும் சத்தம். சால்வையால் இரண்டு கையையும் சுற்றிப் பல்லால் முடிச்சுப் போட்டிருக்கிறாளாம். கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள், கதவு லேசாக அசைந்தது. நானும் இந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன், நீலோ என் மடியில். நடுவில் ஒரு பலகைதான். அவன் கத்தும்போதெல்லாம் வெளியிலிருந்து, "அப்படித்தான், லூசிலா, அப்படித்தான்" என்கிறாள். பெயரை மாற்றிச் சொல்கிறாள். நான் திருத்தவில்லை.

தெருக்கதவை யாரோ தட்டுகிறார்கள். அம்மாவிடம் சாவி இருக்கிறது. இந்த இருட்டில் யார்? விசென்தா மூச்சுவிடுவதை நிறுத்திவிட்டாள். நீலோ மட்டும் அழுகிறான்.

மறுபடி தட்டுகிறார்கள். யாரோ "கிராசியெலா! கிராசியெலா!" என்று கூப்பிடுகிறார்கள். விசென்தா எழுந்துவிட்டாள். "அவன அடக்காத பாப்பா, அவங்களும் கேக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போகிறாள். பெரியம்மா, அது உங்கள் குரல்.